பேரூராட்சியின் கணக்கும் நமது கடமையும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பலத்தை அறியக் கட்டிடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஐந்தொகையைப் பார்க்க வேண்டும். சொந்த நிதி எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, வசூலாகாத பாக்கி எவ்வளவு? இம்மூன்று கேள்விகளையும் அங்கத்தினர்கள் பொதுப் பேரவையில் கேட்கிறார்கள். கீழப்பாவூர் பேரூராட்சியைப் பற்றியும் இவற்றைக் கேட்க வேண்டும் என்பதே கொரோனா காலம் நமக்குக் கற்பித்த பாடம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. நெசவாளிக்குப் பாவும் ஊடையும் வருவது தடைப்பட்டது; விவசாயிக்கு விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. குடிகளின் கையில் பணமில்லாதபோது வரி எங்கிருந்து வரும்? ஆனால் ஸ்தல ஸ்தாபனங்களின் செலவோ அப்போதுதான் பெருகியது. துப்புரவும் குடிநீரும் ஒரு நாளும் நிற்கக்கூடாதவை. அருகிலுள்ள குற்றாலத்தில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் சாரல் பருவத்திலும் அருவிகளில் நீராட அனுமதி இல்லை. ஒரே பருவத்தை நம்பிய ஊரின் கதி என்னவாகும் என்பதை அது காட்டிற்று.

இன்னொரு குறையும் இருந்தது. பேரூராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவானதால், இங்குள்ள கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. ஆகவே நோயின் கடுமை மிகுந்த நாட்களில் வரவு செலவைக் கேட்க மக்கள் பிரதிநிதிகள் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். தேர்தல் நடவாததால் மத்திய மானியத்தின் ஒரு பகுதியும் நிறுத்தி வைக்கப்பட்டது.

மாநில நிதிக்குழு ஏற்பாட்டின்படி, மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வந்துகொண்டிருந்தது. மாநில வருமானம் குன்றினால் இப்பங்கும் குன்றும். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, நாடு முழுவதற்குமாக 4,36,361 கோடி ரூபாயைச் சிபாரிசு செய்தது. அதில் 70,051 கோடி சுகாதாரத்திற்கு. சிறு நகரங்களுக்கான மானியத்தில் நூற்றுக்கு அறுபது குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டுப்பட்டது. மீதி நாற்பதே ஊரின் விருப்பப்படி செலவிடக்கூடியது. கணக்கைத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும், சொத்து வரி வசூல் வளர வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

இதன் பலனாக 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு நூற்றுக்கு 25, அதற்கு மேல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 என உயர்வு விதிக்கப்பட்டது. சிறு வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்ற கொள்கை நியாயமே. ஆயினும் நெசவாளியின் வீட்டில் பாதி இடம் தறிக்கே போய்விடுகிறது. வசிக்கும் இடம் குறுகியதாயினும், தறிக்கூடத்தையும் சேர்த்து அளந்தால் அவர் மேற்படிக்கு ஏறிவிடுகிறார். இக்குறையைத் தனித்தனியே முறையிடுவதைவிட, சங்கத்தின் தீர்மானமாகப் பேரூராட்சி மன்றத்தின் முன் வைப்பதே பலன் தரும்.

ஆனால் முறையீடு ஒன்று, பாக்கி வேறு. சிரம காலத்தில் கட்ட இயலாமற்போனது குற்றமன்று. வருமானம் திரும்பிய பின்னும் கட்டாதிருப்பது, சங்கக் கடனைத் தவணை தவறவிட்டு அடுத்த கடனுக்கு மனுச் செய்வதை ஒக்கும். சொந்த வரி வசூலே பேரூராட்சியின் பங்கு மூலதனம். அது குறைந்தால் வாய்க்கால் ஓரப் பாதைக்கும் தெருவிளக்குக்கும் மேலிருந்து வரும் உத்தரவையே எதிர்பார்த்துக் காத்திருக்க நேரிடும்.

எனவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று: வரியைத் தவணையில் செலுத்துவது, தணிக்கை செய்த கணக்கைக் கேட்டுப் படிப்பது, கட்டுப்பாடற்ற அந்த நாற்பது பங்கு எதற்குச் செலவாகிறது என்று வார்டு உறுப்பினரை வினவுவது. கேட்கும் உரிமை, செலுத்தியவனுக்கே முழுமையாக உண்டு. சங்கத்தில் கற்ற இந்தப் பழக்கம் ஊருக்கும் பயன்படட்டும்.