புரோகிராமே பேசட்டும்!

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கிராஃப் வரையணும். கோடு புள்ளி புள்ளியா வரணும், கொஞ்சம் தடிமனா இருக்கணும். அதுக்கு எந்த ஆப்ஷன்? அதுல என்ன கொடுக்கணும்? சீனியர், 'நெட்ல தேடுப்பா'ன்னு கழண்டுக்குவார். தேடினா பழைய பதில் மாட்டும். அதிலுள்ள ஆப்ஷன் புது வெர்ஷனில் இருக்காது. அப்புறம் என்ன, விடிய விடிய சிவராத்திரிதான்!

இது உங்க தப்பில்லை. ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் நெடுநாள் தலைவலி இது. லைப்ரரி ஒரு ஃபைலில், கையேடு இன்னொரு ஃபைலில். புது ஆப்ஷன் சேர்ந்தால் லைப்ரரி மாறும், கையேடு மாறாது. சம்பளமே வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதுகிறவரிடம், 'ரெண்டு இடத்திலும் திருத்துங்க சார்'னு எத்தனை தடவை கேட்க முடியும்?

அப்போ ஒரே இடத்தில் வைத்துவிட்டால்?

கிராஃப் வரையும் பைத்தான் லைப்ரரியான 'மேட்பிளாட்லிப்' அதைத்தான் செய்கிறது. நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஜான் ஹண்டர் உருவாக்கி, 2003-ல் வெளியிட்டது. 2012-ல் அவர் மறைந்த பிறகும் தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள்.

கோட்டின் நிறம், தடிமன், வகை என ஒவ்வொன்றையும் மாற்ற அதற்குள் தனித்தனி ஃபங்ஷன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டிக் குறிப்பு: இது எதை மாற்றும், எந்த மதிப்புகளை ஏற்கும். பைத்தானில் இதற்கு 'டாக்ஸ்ட்ரிங்' என்று பெயர். சாதாரண கமென்ட் மாதிரி இல்லை. புரோகிராம் ஓடும்போதும் கூடவே இருக்கும். அதனால் இன்னொரு புரோகிராம் அதைப் படிக்கலாம். மேட்பிளாட்லிப் இந்தக் குறிப்புகளைத் தானே திரட்டி, அட்டவணையாக்கி, 'பிளாட்' ஃபங்ஷனின் உதவிப் பக்கத்தில் சேர்த்துவிடும். 'செட்பி' என்ற கட்டளையிடம் கோட்டைக் கொடுத்து 'லைன்ஸ்டைல்' என்று கேளுங்க. எந்தெந்த மதிப்பு செல்லும்னு அதுவே சொல்லும். நெட் கனெக்‌ஷன்கூட வேண்டாம்!

நீங்கள் எழுதும் புரோகிராமுக்கும் இந்த வசதி உண்டு. பெயர் 'ஆர்க்பார்ஸ்'. 2010-ல் வந்த பைத்தான் 2.7-லிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஆப்ஷனைச் சேர்க்கும் இடத்திலேயே அதன் விளக்கத்தையும் எழுதிவிடலாம். யாராவது '--ஹெல்ப்' என்று தட்டினால் முழுப் பட்டியலும் திரையில் ரெடி. டீஃபால்ட் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு குறியீடு போதும். நாளைக்கு 10-ஐ 20 ஆக்கினால், ஹெல்ப்பிலும் தானாக 20 வரும்.

ஆனா ஒண்ணு. மெஷின் குறிப்பைச் சுமந்து போகும், எழுதித் தராது. காலியா விட்டா பட்டியலில் ஆப்ஷன் பெயர் மட்டும் மொட்டையா நிற்கும். ஆப்ஷன் செய்யும் வேலையை மாற்றிவிட்டு விளக்கத்தைத் தொடாமல் விட்டால், அந்த விளக்கமும் பொய்தான் சொல்லும். ஒரே லாபம், ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தப்பு சட்டென்று கண்ணில் படும்.

அதனால் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் மூணே கேள்வி. என்ன செய்யும்? எதை ஏற்கும்? எதுவும் தராவிட்டால் என்ன எடுத்துக்கும்? இந்த மூணுக்கும் பதில் இருந்தால், நீங்க காலேஜை விட்டுப் போன பிறகும் உங்க ப்ராஜெக்ட்டை ஜூனியர்கள் ஓட்டுவார்கள். இல்லையென்றால் மார்க் வாங்கிய அன்றே அதுக்கு ஆயுசு முடிஞ்சது!

ஓப்பன் சோர்ஸில் நுழைய ஆசையா? பெரிய அல்காரிதமெல்லாம் தேட வேண்டாம். நீங்க தினமும் பயன்படுத்தும் லைப்ரரியில் விளக்கம் இல்லாத ஒரு ஆப்ஷனைப் பிடிங்க. ஓட்டிப் பாருங்க. புரிந்ததை ஒரே வரியில் எழுதி அனுப்புங்க. முகம் தெரியாத யாரோ ஒருவரின் ராத்தூக்கத்தை அந்த ஒரு வரி காப்பாற்றும்.