மூன்று சுழியும் தெரிகிறதா?

‘பாலூ’ என்றொரு எழுத்துரு. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது. ஒன்பது இந்திய எழுத்து முறைகளுக்கு இது கிடைக்கிறது. மலையாளத்தில் அதன் பெயர் ‘பாலூ சேட்டன்’, குஜராத்தியில் ‘பாலூ பாய்’, தமிழில் ‘பாலூ தம்பி’. பெயரைப் போலவே உருவமும் செல்லமானது: கொழுகொழுவென்ற உடல், கூர்மையே இல்லாத முனைகள், தடித்த மார்க்கர் பிடித்துக் கையால் எழுதிய தோற்றம்.

பார்க்க எளிதாக இருப்பதால் வரைவதும் எளிது என்று நினைக்கக் கூடாது. தமிழில் இப்படியொரு எழுத்துரு செய்வது கடினமான வேலை. காரணம், நம் சுழிகள்.

மூன்று சுழி ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தடிமனாக்கினால் அது வெளிப்பக்கம் மட்டும் வளராது, உள்பக்கமும் வளரும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும், ஒரு கட்டத்தில் அடைத்தே போகும். அப்புறம் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று கண் தடுமாறும். செய்தித்தாள் காகிதமென்றால் மை ஊறிப் பரவி, மிச்சமிருக்கும் இடத்தையும் மூடிவிடும். அதனால் வடிவமைப்பவர்கள் எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்குகிறார்கள், சுழிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கோட்டை மெலியவிடுகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால்தான் இந்த மெலிவு தெரியும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். புள்ளிக்கும் இதே கவனம் வேண்டும். பருத்த புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து குழம்பிவிடும்.

தமிழில் 247 எழுத்துகள் என்றாலும் அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கொம்பையும் காலையும் ஒருமுறை வரைந்துவிட்டால் கெ, கா, கொ எல்லாம் கணினியிலேயே கூடிவிடும். ஆனால் உகர, ஊகார வரிசைகளில் தப்பிக்க வழியில்லை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். அத்தனையும் ஒரே கை எழுதியதுபோல் இருக்க வேண்டும்.

முதலில் ஒரே தடிமனில் வந்த பாலூ, ‘பாலூ 2’ ஆனபோது ஐந்து தடிமன்களில் வந்தது. திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். குழந்தைகள் புத்தக அட்டை, ஐஸ்கிரீம் கடைப் பலகை, பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழின் தலைப்பு ஆகியவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். பெரிய அளவில், நாலைந்து சொற்களுக்குள் நிற்கும் வரை அதன் குறும்பு அழகு. அதன் மிகத் தடித்த வடிவத்தில் ஒரு முழுப் பத்தியை அடித்தால் பக்கம் கறுத்துப்போகும், கண் சீக்கிரம் களைக்கும். மருந்துச் சீட்டுக்கும் தேர்வுத்தாளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

அழைப்பிதழோ பலகையோ செய்யக் கொடுக்கும்போது திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரியென்று சொல்லிவிடாதீர்கள். ‘ண’ வரும் ஒரு சொல்லை அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று சுழியும் தெரிந்தால் அச்சுக்கு அனுப்பலாம். தெரியாவிட்டால் ஒரு படி மெல்லிய தடிமனை எடுங்கள்.