ஆஸ்துமாவுக்கு விலை உயர்ந்த ஊசி: யாருக்குப் பயன்படும்?



கடுமையான ஆஸ்துமாவுக்கு ‘பயோலாஜிக்’ ஊசி போட உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு விண்ணப்பங்கள் வருகின்றன. ஓர் ஊசியே பல ஆயிரம் ரூபாய். அதையும் தொடர்ந்து போட வேண்டும். எனவே அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சளி கட்டி, காற்றுப் போகும் வழி குறுகுகிறது. இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு அந்த வீக்கத்தைத் தணிக்கிறது. பெரும்பாலோருக்கு இதுவே போதும். சிலருக்கு மட்டும் அதிக அளவு இன்ஹேலர் எடுத்தும் இழைப்பு அடங்குவதில்லை. அவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியே இருக்க நேரிடுகிறது. அது நீண்ட காலம் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், கண்ணில் புரை விழும்.

பயோலாஜிக் என்பது உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் புரத மருந்து. ஸ்டீராய்டு உடல் முழுவதும் வேலை செய்கிறது. இதுவோ வீக்கத்தைத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தடுக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமாலிசுமாப், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற பொருளைப் பிடித்துக்கொள்கிறது. 2015இல் அனுமதி பெற்ற மெபோலிசுமாப், ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது.

ஆகவே, இரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த ஊசி பொருந்தும் என்று சொல்ல முடியாது. குடற்புழு இருந்தாலும் ஈசினோபில் கூடும் என்பதால் மருத்துவர் அதையும் கவனிப்பார்.

இந்த ஊசி, மூச்சுத் திணறும் நேரத்தில் போடும் மருந்தல்ல. 2 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போட்டு, சுமார் 4 மாதம் கழித்துப் பலன் உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். ஊசி தொடங்கிவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகத் திடீரென விடுவது உயிருக்கே ஆபத்து.

விண்ணப்பிக்கும் முன், நெஞ்சக மருத்துவரிடம் இன்ஹேலரைக் கொண்டுபோய் அவர் முன்னால் இழுத்துக் காட்டுங்கள். தவறாக இழுப்பது, ரமழானில் யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுவது, வீட்டில் சிகரெட், சாம்பிராணிப் புகை ஆகியவற்றாலும் ஆஸ்துமா அடங்காமல் இருக்கும். அவற்றைச் சரிசெய்தாலே பலருக்கு ஊசி தேவைப்படாது.

அதற்குப் பிறகும் மருத்துவர் ஊசி அவசியம் என்று எழுதித் தந்தால், அந்தக் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் விண்ணப்பத்துடன் இணைத்துத் தாருங்கள். நம்மிடமுள்ள நிதி மக்களின் அமானிதம். உண்மையில் தேவையுள்ளவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.