சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து வேலையை விடாதீங்க!

போன வீடியோவுல சைடு பிசினஸ் பத்தி பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "ப்ரோ, கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. வேலையை விட்டுட்டு கடை ஆரம்பிக்கலாமா?"

இதுக்கு ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனா அந்தப் பதிலை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பெரிய கம்பெனிகள் கன்சல்டன்ட்டுகளுக்கு லட்சக்கணக்குல கொடுத்துச் செய்யற வேலைதான் அது. அதோட அடிப்படையை ஒரு நோட்டும் பேனாவும் வெச்சு நாமளே செஞ்சுடலாம். எங்க புதுச்சேரியிலேயே நடந்த கதையோட சொல்றேன்.

நண்பரோட கஃபே கனவு

என் நண்பர் ஒருத்தர் சேதராப்பட்டு பக்கம் ஒரு தனியார் கம்பெனியில வேலை பார்க்கிறார். கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். ஆறு வருஷத்துல 6 லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். ஒயிட் டவுன்ல சின்னதா ஒரு கஃபே போடணும், இன்னும் 5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கணும், இதுதான் திட்டம்.

"மச்சி, சனிக்கிழமை சாயந்திரம் வந்து பாரு. உட்கார இடம் கிடைக்காது"ன்னு என்கிட்ட சொன்னார். பார்த்தேன். உண்மைதான். சென்னை, பெங்களூர் வண்டிகள் வரிசையா நிக்குது, எந்தக் கடையிலயும் இடம் இல்லை.

ஒரு கன்சல்டன்ட்டையும் பிடிச்சுட்டார். 40,000 ரூபாய் கொடுத்தா புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுத் தருவாராம். "தினம் 100 பேர் நிச்சயம்"னு முதல் சந்திப்பிலேயே சொல்லிட்டாராம். கடை வைக்கப்போற தெரு எதுன்னு அதுவரைக்கும் அவர் கேட்கவே இல்லை!

நிஜமான ஆலோசனை எப்படி இருக்கும்?

இதைப் புரிஞ்சுக்க அரவிந்த் கண் மருத்துவமனை கதை நல்ல உதாரணம். நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு. 1910-ல புதுச்சேரிக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரோட பேரைத்தான் டாக்டர் ஜி. வெங்கடசாமி தன் மருத்துவமனைக்கு வெச்சார். 58 வயசுல அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சார். நம்ம தவளக்குப்பத்துல இருக்கிற மருத்துவமனை 2003-ல வந்தது.

அவங்க சந்திச்ச ஒரு விசித்திரமான பிரச்சினை: கண்புரை ஆபரேஷனை இலவசமா செய்யறோம்னு சொல்லியும், பார்வை போன நிறைய பேர் வரவே இல்லை. நம்ம பிசினஸ் மொழியில சொன்னா, பொருள் நல்லா இருக்கு, விலை பூஜ்யம், கஸ்டமர் மட்டும் வரலை!

நாமளா இருந்தா என்ன சொல்லியிருப்போம்? "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு முடிச்சிருப்போம். அப்படி ஊகத்தோட நிறுத்தாம கிராமங்களுக்கே போய்ச் சோதிச்சுப் பார்த்தாங்க. தென்னிந்தியாவுல 90 கிராமங்கள்ல நடந்த அந்த ஆய்வு 1991-ல ஒரு கண் மருத்துவ இதழ்ல வெளியாச்சு. நாலு விதமான பிரச்சாரம். ஒவ்வொண்ணுலயும் முழுச் செலவையும் ஏத்துக்கறது, ஒரு பகுதியை மட்டும் ஏத்துக்கறதுன்னு இரண்டு வகை. ஆக மொத்தம் எட்டு வழிகள். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவுமே செய்யாத கிராமங்களையும் சேர்த்துக்கிட்டாங்க.

தெரிஞ்சது என்ன? ஆபரேஷன் இலவசமா இருந்தாலும் நோயாளிக்கு அது இலவசம் இல்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வர்றவரோட கூலி நஷ்டம் எல்லாம் இருக்கு. முழுச் செலவையும் ஏத்துக்கிட்ட இடங்கள்ல அதிகம் பேர் சம்மதிச்சாங்க. ஏற்கனவே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தர் வீடு வீடா போய்ப் பேசினதும் நல்லா பலன் கொடுத்தது. முகாம்ல தேர்வாகிற நோயாளிகளை அரவிந்த் வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடறதுக்குப் பின்னாடி இந்தப் புரிதல் இருக்கு.

1992-ல அரவிந்த் மதுரையில லைக்கோன்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சது. மத்த கண் மருத்துவமனைகளுக்கு ஆலோசனையும் பயிற்சியும் கொடுக்கிறதுதான் அதோட வேலை. அவங்க முறையைக் கவனிங்க. முதல்ல அந்த மருத்துவமனைக்கு நேர்ல போய்ப் பார்ப்பாங்க. அப்புறம் அங்கே இருக்கிற குழுவை வரவழைச்சு, கூட உட்கார்ந்து திட்டம் போடுவாங்க. அதுக்கப்புறமும் தொடர்ந்து என்ன ஆச்சுன்னு கேட்பாங்க. அறிவுரை முதல்ல வரலை, பார்க்கிறதுதான் முதல்ல வருது. நல்ல கன்சல்டன்ட்டுக்கு இதுதான் அடையாளம்.

14 நாள், ஒரு நோட்டு

நண்பர்கிட்ட நான் சொன்னது ஒண்ணுதான்: "40,000 கொடுக்கிறதுக்கு முன்னாடி 14 நாள் எண்ணிப் பாரு."

அவர் பார்த்து வெச்சிருந்த தெருவுலயே, அவர் நினைச்ச மாதிரியே ஒரு கஃபே ஏற்கனவே ஓடுது. எதிர்ல ஒரு டீக்கடை. வேலை முடிஞ்சு இவர் போய் அங்கே உட்கார்ந்தார். பகல்ல காலேஜ் படிக்கிற தம்பி பார்த்துக்கிட்டான். எத்தனை பேர் உள்ளே போறாங்கன்னு மணிக்கணக்குல கோடு போட்டாங்க, அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு: நாளுக்குச் சராசரியா 80 பேர்.
திங்கள் முதல் வெள்ளி: நாளுக்கு 18 பேர்!

இப்போ கணக்குக்கு வருவோம். 30 நாள் மாசத்துல 8 வார இறுதி நாள், 22 வேலை நாள்னு வெச்சுக்கோங்க. 640-ம் 396-ம் சேர்ந்து 1,036 பேர்.

செலவு என்ன?

- வாடகை: 35,000
- இரண்டு ஆட்கள் சம்பளம்: 30,000
- கரண்ட், கேஸ், இதர செலவு: 8,000
- 5 லட்சம் லோன், 14% வட்டி, 5 வருஷம், இஎம்ஐ: சுமார் 11,630
- மொத்தம்: 84,630

ஒருத்தர் 120 ரூபாய்க்குச் சாப்பிட்டா, பொருள் செலவு 40 போக 80 நிக்கும். 84,630-ஐ 80-ஆல வகுத்தா, மாசம் 1,058 பேர் வந்தாத்தான் கையைக் கடிக்காது. அதுலயும் நண்பருக்குச் சம்பளம் பூஜ்யம். இப்போ வாங்கற 32,000-ஐயும் சேர்த்தா 1,458 பேர் வரணும், அதாவது தினம் சுமார் 49 பேர்.

ஏற்கனவே பேர் எடுத்த கடைக்கே 1,036 பேர்தான். புதுசா வர்ற கடைக்கு?

நண்பர் பொய் சொல்லலை. அவர் பார்த்தது நிஜம். ஆனா ஏழு நாள்ல ஒரு நாளை மட்டும் பார்த்துட்டு, ஏழுக்கும் முடிவு பண்ணிட்டார். ஆராய்ச்சி மொழியில இதுக்கு மாதிரித் தேர்வுப் பிழைன்னு பேரு. நம்ம வீட்டு மொழியில, பொங்காத பக்கத்தைப் பார்க்காம பானையை இறக்கறது.

நீங்க செய்ய வேண்டியது

1. "கடை போட்டா வருவியா?"ன்னு நண்பர்களைக் கேட்காதீங்க. எல்லாரும் வருவேன்னுதான் சொல்வாங்க. "போன வாரம் எங்கே போனே, எவ்வளவு செலவு பண்ணினே?"ன்னு கேளுங்க. விருப்பத்துல பொய் கலக்கலாம், செலவு பண்ணின பணத்துல கலக்கறது கஷ்டம்.

2. வராதவங்களையும் கேளுங்க. அரவிந்த் ஆய்வோட பாடமே அதுதான். பார்க்கிங் இல்லையா, விலையா, நேரமா? தடை எதுன்னு தெரியாம ஆஃபர் போட்டா பணம்தான் போகும்.

3. தினமும் எழுதுங்க. நம்ம ரங்கப்பிள்ளை வீதிக்குப் பேர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக்காரங்களுக்குத் துபாஷியா இருந்தவர், வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு, ஊர்ச் செய்தின்னு 1736-லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். நம்மால 14 நாள் முடியாதா? எழுதாத எண்ணிக்கை, நம்ம ஆசைக்கு ஏத்த மாதிரி மனசுக்குள்ள ஏறிக்கிட்டே போகும்.

4. கன்சல்டன்ட் கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த எண் எங்கிருந்து வந்தது? எந்த நாள்கள்ல எடுத்தது? நான் கடை ஆரம்பிச்சா உங்களுக்கு வேற யாராவது பணம் கொடுப்பாங்களா? நண்பர் கேட்டப்போ முதல் இரண்டுக்கும் "அனுபவம் சார்"னு பதில் வந்தது. மூணாவது கேள்விக்கு, காபி மெஷின் விற்கிற ஆள்கிட்ட கமிஷன் உண்டுன்னு ஒத்துக்கிட்டார்.

5. சின்னதா சோதிச்சுப் பாருங்க. முழுசா குதிக்கிறதுக்கு முன்னாடி, நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய தொகையில ஒரு வெள்ளோட்டம்.

இப்போ நண்பர்?

வேலையை விடலை, லோன் எடுக்கலை. தெரிஞ்சவர் கடை வாசல்ல ஒரு மேஜை போட்டு, சனி ஞாயிறு மட்டும் குளிர்பானமும் சாண்ட்விச்சும் விற்கிறார். எட்டு வாரம் ஆச்சு. ஐந்து வாரம் லாபம். மழை பெய்த மூணு வாரம் நஷ்டம், அது மொத்தமே 6,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அவர் கூட்டத்தைப் பார்த்தது சரி. அந்தக் கூட்டம் எந்த நாள்ல வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டதுதான் அவரோட 6 லட்சத்தைக் காப்பாத்தினது.

"கனவைக் கெடுத்துட்டியேடா"ன்னு முதல் நாள் என்மேல கோபப்பட்டார். போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டு ஒரு லெமன் ஜூஸ் கொடுத்தார். காசும் வாங்கிட்டார், நோட்டுல ஒரு கோடும் போட்டார்!

நீங்க ஏதாவது தொழில் யோசனையில இருந்தா, எதை எண்ணணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு கமெண்ட்ல எழுதுங்க. கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். அடுத்த வீடியோவுல சந்திப்போம்!