குளத்தில் நீர் நிற்க வேண்டுமானால்

கோயமுத்தூர் நகரத்தில் உக்கடம் பெரியகுளத்தின் கரையிலும் வாலாங்குளத்தின் கரையிலும் மாலை வேளைகளில் ஜனங்கள் திரளாகக் கூடுவதை நாம் காண்கிறோம். கற்பாவிய உலாச்சாலை, விளக்கு வரிசை, குழந்தைகள் விளையாடும் இடம், படகுத்துறை ஆகியவற்றுக்காகக் கோடிக்கணக்கான ரூபாய் பொதுப்பணம் செலவாயிற்று. நாள் முழுவதும் பஞ்சாலையிலும் பட்டறையிலும் கணக்கு மேஜையிலும் உழைத்தவன் மாலையில் தன் குடும்பத்துடன் சிறிது காற்று வாங்க விரும்புவது நியாயமே; அதை நாம் குறை கூற முன்வரவில்லை. ஆனால் படகு ஓடுவதற்கு முதலில் குளத்தில் நீர் இருக்க வேண்டுமன்றோ? அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது, யாருடைய உழைப்பினால் வருகிறது என்று அந்தக் கூட்டத்தில் கேட்பவர் எத்தனை பேர்?

இவ்விஷயத்தைச் சிறிது விளக்க விரும்புகிறோம். கோயமுத்தூர் மழை வளம் மிகுந்த ஊரன்று. மேற்குமலைத் தொடரின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகங்கள் மலையாளத்திலேயே பெரும்பாலும் மழையைக் கொட்டிவிட்டு வருகின்றன. நகரத்தில் பெய்யும் மழையை மட்டும் நம்பி இங்கே எந்தக் குளமும் நிரம்புவதில்லை. வெள்ளியங்கிரி மலையடியில் பிறந்து, காஞ்சிமாநதி என்று பழம் பெயர் பெற்று, கிழக்கே ஓடிக் கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கும் நொய்யலே இக்குளங்களுக்குத் தாய். சித்திரைச்சாவடி முதலாக அதன் குறுக்கே அடுத்தடுத்து அணைக்கட்டுகளை எழுப்பி, ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரித்து, ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அவ்வெள்ளம் அடுத்த குளத்துக்குச் செல்லும்படி நம் முன்னோர் அமைத்தார்கள். பெரியகுளத்தின் மிகை நீர் வாலாங்குளத்துக்குச் செல்வது இந்த ஏற்பாட்டின்படிதான். மேலே உள்ளவன் வாயை அடைத்தால் கீழே உள்ளவன் பட்டினி கிடப்பான் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நொய்யல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறல்ல. ஆனி, ஆடி மாதங்களில் மலையில் மழை பலத்தால் ஒரு வெள்ளம்; ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு வெள்ளம். சில நாட்களில் வந்து சில நாட்களில் போய்விடும். அந்தச் சில நாட்களில் வாய்க்கால் திறந்திருந்தால் குளம் நிரம்பும். ஒரு பாலத்தின் அடியில் குப்பை அடைத்திருந்தாலோ, மதகுப் பலகை தூக்க முடியாமல் துருப்பிடித்திருந்தாலோ, அவ்வாண்டின் நீர் முழுவதும் ஆற்றோடு போயிற்று என்றே கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. ஆகவே குளத்தின் நீர்மட்டம் மழைக்காலத்தில் நிச்சயிக்கப்படுவதன்று. அதற்கு முந்திய கோடையில், வறண்ட வாய்க்காலில், யாரும் பாராத வேலையில் நிச்சயிக்கப்படுகிறது.

முற்காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? குளத்துநீரால் பயிரிட்ட குடிகளே செய்தார்கள். அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பித் தூர் வாருவதும், கரை கட்டுவதும், வாய்க்காலைச் செதுக்குவதும் குடிமராமத்து என்று வழங்கிற்று. வெள்ளைக்கார சர்க்கார் நீர்நிலைகளின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, வரியையும் எடுத்துக்கொண்டது, உழைப்பை மட்டும் குடிகளின் தலையிலேயே விட்டுவைத்தது. ஜனங்கள் தாமாகச் செய்துவந்த காரியத்தைக் கட்டாயமாக்கச் சென்னை ராஜதானியில் 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உரிமை போன இடத்தில் கடமை எப்படி நிலைக்கும்? சுயராஜ்யம் வந்த பிறகும் இந்தக் கோணல் முற்றிலும் நிமிரவில்லை. குளம் பொதுப்பணித் துறையினுடையது, அல்லது மாநகராட்சியினுடையது என்ற எண்ணமே ஜனங்களிடம் நின்றுவிட்டது. 2017-ஆம் ஆண்டில் தமிழக சர்க்கார் குடிமராமத்து என்ற பெயரைத் திரும்ப எடுத்தது. பெயர் திரும்பிய அளவுக்கு வழக்கம் திரும்பிற்றா என்பதை அவ்வேலைகள் நடந்த ஊரார்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் கோவையில் சில பொதுஜனத் தொண்டர்கள், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே, அந்த மண்வெட்டியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டில் ‘சிறுதுளி’ ஸ்தாபனம் தோன்றிக் குளங்களைப் பற்றிய கவலையை நகரத்தின் பெரிய மனிதர்களிடையே பரப்பிற்று. 2013-ஆம் ஆண்டுக் கோடையில் உக்கடம் பெரியகுளம் வறண்டு வெடித்துக் கிடந்தபோது, மாநகராட்சியுடன் சேர்ந்து மாணவர்களும் வியாபாரிகளும் தொழிலாளரும் குடும்பத்தலைவிகளும் குளத்துக்குள் இறங்கித் தூர் வாரினார்கள். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அள்ளும் மண்ணை நூறு பேர் கூடையில் சுமப்பது வீண் ஆடம்பரம் என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. மண்ணின் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஒரு கூடை மண் சுமந்தவன் மறுநாள் அக்குளத்தில் ஒருவன் கட்டிட இடிபாட்டைக் கொட்டினால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். இயந்திரத்துக்கு அந்தக் கோபம் வராது.

2017-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ இதையே நித்திய விரதம்போல் ஆக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவது, சில மணி நேரம் வேலை செய்வது, கலைவது. அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுவது. பேரூர்ப் பெரியகுளத்தில் தொடங்கிய இவ்வேலை வெள்ளலூர்க் குளத்தில் நல்ல பலனைத் தந்தது. வெள்ளலூர் என்றால் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களுக்கு ரோமானிய நாணயப் புதையல்கள் நினைவுக்கு வரும். தற்காலக் கோவைவாசிக்கோ நகரத்துக் குப்பைக் கிடங்கு நினைவுக்கு வரும். அவ்வூரில் சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள குளம் பல ஆண்டுகள் நீரின்றி முட்செடி மண்டிக் கிடந்தது. குளத்தில் குற்றமில்லை. நொய்யலிலிருந்து அதற்கு நீர் கொணரும் ராஜவாய்க்கால் மண்ணாலும் குப்பையாலும் மூடிப்போனதே காரணம். தொண்டர்கள் வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள், நீர் வந்தது. அதன்பின் கரையில் ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டார்கள். பறவைகள் வந்தன, வண்ணத்துப்பூச்சிகள் இனம் இனமாகத் திரண்டு, அவற்றுக்கென ஒரு பூங்காவே ஏற்பட்டது. முதலில் நீர், பிறகு நிழல், அதன் பிறகு உல்லாசம் என்ற வரிசை இங்கே இயல்பாக நிகழ்ந்தது. நகரத்தின் நடுவிலுள்ள குளங்களில் இவ்வரிசை தலைகீழாக நடந்துவிட்டது என்பதே நமது குறை.

அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பொதுப்பணித் துறையிடமிருந்த எட்டுக் குளங்களை 2010-ஆம் ஆண்டில் மாநகராட்சி 90 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மத்திய சர்க்காரின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016-ஆம் ஆண்டு முதல் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றபின், கரைகள் கட்டிடக்காரர் கையில் சென்றன. பயிருக்கான குளம் நிரம்பும், வற்றும். வற்றும்போது அடிமண் வெயிலில் காயும், உழவன் வண்டலை அள்ளிச் செல்வான், சேற்றில் மேயும் நாரையும் உள்ளானும் இரை பெறும். உல்லாசத்துக்கான குளமோ எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படகு தரை தட்டும், கரையில் உலாவுவோர் மூக்கைப் பிடிப்பார்கள். ஆற்றுநீர் ஆண்டில் சில நாட்களே வரும்போது, ஒரே மட்டத்தில் நிறுத்த நீர் எங்கிருந்து கிடைக்கும்? விடை விரும்பத்தகாதது. நகரத்தின் சாக்கடை ஆண்டு முழுவதும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நகரத்துக் குளம் கோடையிலும் நிரம்பித் தோன்றினால் நாம் மகிழ்வதற்கு முன் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரித்திருந்தால் அது செழிப்பன்று; கழிவில் கொழுத்த களை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி நீரை மூடிக் காற்றைத் தடுக்கிறது. கீழே மீன் மூச்சின்றிச் சாகிறது. அதன் இலைகள் வழியே நீரும் ஆவியாகிப் போகிறது. தொண்டர்கள் ஒரு வாரம் வாரி எறிந்தால் சில வாரங்களில் மறுபடியும் படர்கிறது. சாக்கடையின் வாயை அடைக்காமல் களையை வாருவது, ஓட்டைப் படகில் நீர் இறைப்பதை ஒக்கும். குளத்து மீனை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. கரையில் பல்லாண்டுகள் குடியிருந்து, அபிவிருத்திக்காக ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட ஏழைகளையும் இங்கே நினைக்க வேண்டும். குடிசையின் கழிவு குளத்தைக் கெடுக்கிறது என்று அவர்களை அகற்றியவர்கள், மாளிகைகளின் கழிவு குழாய் வழியாக அதே குளத்துக்கு வருவதை நிறுத்தினாலல்லவா அந்த வாதம் நியாயமாகும்?

நீர்மட்டம் என்பது கரையில் காணும் கோடு மட்டுமன்று. கோவையின் அடிநிலம் கடும் பாறை. ஆயிரம் அடி துளையிட்டும் நீர் காணாத வீடுகள் இவ்வூரில் உண்டு. குளத்தில் தேங்கும் வெள்ளம் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளை ஊட்டுகிறது. நல்ல நீர் தேங்கினால் நல்ல நீர் இறங்கும். சாக்கடை தேங்கினால் அதுவே இறங்கும். நொய்யலின் கீழ்ப்பகுதியில் இதன் கொடுமையைக் கொங்கு நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ஆம் ஆண்டில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. நிலமும் கிணறும் கெட்ட விவசாயிகள் நியாயஸ்தலத்தின் படி ஏறி, முடிவில் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போராடினார்கள். அணை நிரம்பித்தான் இருந்தது, நிரம்பியதே துன்பமாயிற்று.

தொண்டர்களைப் புகழ்ந்து மாலை சூட்டிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ள நாம் இடங்கொடுக்கலாகாது. விருது வழங்குவதும், கன்று நடும்போது மண்வெட்டியைத் தொட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் சுலபம். தொண்டரால் முள்ளை வெட்ட முடியும். பிளாஸ்டிக்கைப் பொறுக்க முடியும். வாய்க்காலைத் திறக்க முடியும். மதகைத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் இல்லை. சாக்கடைக் குழாயைத் திருப்ப அதிகாரம் இல்லை. ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருப்பதால் வாய்க்காலில் நீர் ஓடிவிடாது.

ஜனங்கள் விடாமல் கேட்டால் நடக்கும் என்பதற்கும் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. பவானியின் மிகை நீரை வறண்ட ஊர்களின் குளங்களுக்கு ஏற்ற வேண்டுமென்று இரண்டு தலைமுறை விவசாயிகள் கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், மனுக்களையும் ஊர்வலங்களையும் உண்ணாவிரதங்களையும் கடந்து, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகள் அதனால் நீர் பெற வேண்டும். அதே மாதத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கும் பறவைகளைக் கணக்கெடுத்து, சர்க்காரிடம் ஓயாமல் எடுத்துக் கூறியவர்கள் உள்ளூர் ஆர்வலர்களே.

ஆகையால் கோவை மாநகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. ஒவ்வொரு குளத்திலும் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியும்படி அளவுகோல் நட்டு, நீர்மட்டத்தை வாரந்தோறும் வெளியிட வேண்டும். அந்த நீரில் ஆற்றுநீர் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்ற பரிசோதனை முடிவையும் அதனுடன் வெளியிட வேண்டும். வாய்க்கால்களின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். குளத்துக்குள் சாக்கடை விடும் வாய் ஒவ்வொன்றையும் அடைக்கும் தேதியைச் சொல்ல வேண்டும். படகுத்துறையில் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கை வாய்க்கால் பராமரிப்புக்கென்று ஒதுக்குவதும் நியாயமாகும். தென்மேற்குப் பருவம் ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் வரும் ஞாயிறுகளில் தொண்டர்கள் வாய்க்காலில் இருப்பார்கள். மதகுச் சாவி வைத்திருக்கும் அதிகாரியும் ஒரு நாளாவது அங்கே வந்து, பலகை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கட்டும்.