404: செத்துப்போன லிங்க்குகளுக்கு யார் உயிர் கொடுப்பது?

புதிதாக மிக்ஸி வாங்கினால், அதோடு வரும் கையேட்டை நம்மில் பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால், கோடிங் எழுதுபவர்களுக்குக் கையேடு இல்லாமல் ஒருநாள்கூட வேலை ஓடாது. எந்தக் கட்டளை என்ன செய்யும், புது வெர்ஷனில் எது மாறியிருக்கிறது, எதைத் தொட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து என எல்லாவற்றையும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஐ.டி. உலகில் இதற்குப் பெயர் 'டாக்குமென்டேஷன்'.

இந்தக் கையேடுகள் எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுவதில்லை. 'முழு விவரம் இங்கே' என்று ஒரு லிங்க்கைக் கொடுத்து வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். நம்பி க்ளிக் செய்தால், '404 - பக்கம் காணப்படவில்லை' என்று வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஓர் இளைஞர், இரவு 11 மணிக்கு ஒரு பிழையைச் சரிசெய்ய முடியாமல் திணறும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும்?

எத்தனை பக்கங்கள் காணாமல்போயின?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம், பத்து ஆண்டுகள் கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை. அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களில் 54 சதவிகிதத்தில், சான்றுப் பகுதியில் ஒரு லிங்க்காவது செத்துப்போயிருந்தது.

சாஃப்ட்வேர் உலகில் இதற்கான காரணங்கள் பல. முதலாவது, கம்பெனி கைமாறுவது. நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் சொல்லித்தரப்படும் ஜாவா மொழியை 1995-ல் வெளியிட்டது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். 2010-ல் அதை ஆரக்கிள் வாங்கியது. சன் பெயரில் இருந்த கையேட்டுப் பக்கங்கள் ஆரக்கிள் பெயருக்கு மாறின. பழைய புத்தகங்களில் அச்சான முகவரிகளோ அப்படியே நின்றுவிட்டன.

இரண்டாவது, கடையையே மூடிவிடுவது. ஆயிரக்கணக்கான இலவச சாஃப்ட்வேர்கள் குடியிருந்த 'கூகுள் கோட்' தளத்தை 2016 ஜனவரியில் கூகுள் மூடியது. மூன்றாவது, வீட்டை மாற்றிக்கொண்டே இருப்பது. மைக்ரோசாஃப்டின் கையேடுகள் 'எம்.எஸ்.டி.என்' தளத்திலிருந்து 2016-ல் 'டாக்ஸ்' தளத்துக்கும், 2022-ல் 'லேர்ன்' தளத்துக்கும் குடிபோயின.

குடிபோவது தப்பில்லை. வீடு மாறும்போது பழைய ஏரியா தபால்காரரிடம் புது முகவரியைச் சொல்லிவைப்போம் இல்லையா? இணையத்திலும் அதற்கு வழி இருக்கிறது. பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பிவிடலாம். '301' என்பது அதற்கான குறியீடு. இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாமல் காப்பது தளம் நடத்துபவரின் கடமை என்று 1998-லேயே ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரை இன்றும் அதே முகவரியில் இருக்கிறது.

செத்த லிங்க்கைவிட ஆபத்தானது

404 என்று வந்தால் எரிச்சலோடு போய்விடும். பழைய முகவரி வேறொருவர் கைக்குப் போய்விட்டால்தான் சிக்கல் பெரிதாகிறது. 2024-ல் நடந்த 'பாலிஃபில்' விவகாரம் அதற்கு உதாரணம்.

பழைய பிரவுசர்களிலும் புதிய வசதிகள் இயங்க உதவும் ஒரு சிறிய இலவச சேவை இது. வெப்சைட்டில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், மீதியை அந்த முகவரி பார்த்துக்கொள்ளும். கணித சமன்பாடுகளை இணையப் பக்கத்தில் அழகாகக் காட்டும் 'மேத்ஜாக்ஸ்' சாஃப்ட்வேரின் கையேட்டிலேயே அந்த வரி உதாரணமாக இருந்தது. கையேட்டில் இருப்பதை அப்படியே காப்பி செய்வதுதானே வழக்கம்? பலரும் அதைத்தான் செய்தார்கள்.

2024 பிப்ரவரியில் அந்த முகவரி, சீனாவைச் சேர்ந்த ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தச் சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், 'அந்த வரியை உடனே நீக்கிவிடுங்கள்' என்று அப்போதே எச்சரித்தார். ஜூன் மாதம், அந்த முகவரியிலிருந்து வந்த கோடு, செல்போனில் பார்ப்பவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவதை சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்கள் அந்த வரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. முகவரியைப் பதிவுசெய்து கொடுத்த நிறுவனம் அதை முடக்கிய பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது.

கையேட்டில் இருக்கும் பழைய வரி ஒன்றைத் திருத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மெஷின் பாதி, மனிதர் பாதி

செத்த லிங்க்குகளைக் கண்டுபிடிக்க மெஷின் போதும். பைத்தான் மொழியின் கையேட்டைத் தயாரிக்க உதவும் 'ஸ்ஃபிங்ஸ்' கருவியில், எல்லா லிங்க்குகளையும் வரிசையாகத் தட்டிப்பார்த்து, எது திறக்கவில்லை என்று பட்டியல் கொடுக்கும் வசதி உண்டு.

ஆனால், கதவு திறந்தாலே சரியான வீடு என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். சில தளங்கள், காணாமல்போன பக்கத்தைத் தேடி வருபவரைச் சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். மெஷின் கணக்கில் அந்த லிங்க் நலம். தேடி வந்தவருக்குத்தான் விஷயம் கிடைக்காது. வேறு சில இடங்களில் பக்கம் இருக்கும், உள்ளடக்கம் மாறியிருக்கும். பழைய வெர்ஷனைப் பற்றிய கையேட்டில் புதிய வெர்ஷனின் லிங்க்கைப் போட்டுவிட்டால், படிப்பவர் தவறான கட்டளையை எழுதிவிடுவார். எனவே, படித்துப் பார்த்து முடிவெடுக்க ஒரு மனிதர் தேவை.

அந்த மனிதர்கள் யார்? பெரும்பாலும் தன்னார்வலர்கள். வெப்சைட் உருவாக்கும் எல்லோரும் புரட்டும் மொஸில்லாவின் 'எம்.டி.என்' கையேட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்டில் மொஸில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதில் இந்தக் கையேட்டை எழுதியவர்களும் அடக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் கையேடு முழுவதும் 'கிட்ஹப்' தளத்துக்கு மாற்றப்பட்டது. இப்போது உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு திருத்தத்தை அனுப்பலாம். பொறுப்பாளர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டில் கோடிங் படிப்பவர் இருக்கிறாரா?

பொதுத் திட்டங்களில் பங்களிக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு இது நல்ல தொடக்கம். கஷ்டமான கோடு எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

* முதலில் அதே தளத்தில் பக்கத்தின் தலைப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் முகவரி மட்டும்தான் மாறியிருக்கும்.

* கிடைக்காவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' பக்கம் போங்கள். 2001 முதல் பொதுமக்கள் பயன்படுத்திவரும் இந்தச் சேவையில், பழைய பக்கங்களின் நகல் தேதி வாரியாக இருக்கும்.

* புதிய பக்கத்தை முழுவதும் படியுங்கள். கையேடு சொல்லும் விஷயம் அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

* முகவரி வேறு யார் கைக்காவது போயிருந்தால், லிங்க்கை நீக்கிவிடுவதே நல்லது. அதற்கான காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.

* எண்ணிக்கைக்காகச் செய்யாதீர்கள். திருத்தங்கள் அனுப்பினால் அப்போது டி-ஷர்ட் தந்துகொண்டிருந்த 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்ச்சியில், 2020-ல் தேவையே இல்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. சம்பளமின்றி உழைத்த பொறுப்பாளர்கள் நொந்துபோனார்கள். விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களில் மட்டுமே திருத்தங்கள் கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதி மாற்றப்பட்டது.

ஒரு லிங்க்கைச் சரியாகத் தேடிப்பிடித்து மாற்ற அரை மணி நேரம் ஆகலாம். திருத்தியவருக்குப் பணம் வராது, பெயரும் பெரிதாக வெளியே தெரியாது. ஆனால், அடுத்த முறை யாரோ ஒரு ஜூனியர் நள்ளிரவில் அதே லிங்க்கை க்ளிக் செய்யும்போது, தேடிய பதில் அங்கே இருக்கும். பிழையைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.