பொத்தான் தன் எண்ணைச் சொல்வது எப்படி?

பேருந்தில் இடம் பதிவு செய்யும் இணையப் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். திரையில் 40 இருக்கைகள் எண்ணிட்ட சிறு கட்டங்களாகத் தெரிகின்றன. 17ஆம் கட்டத்தைத் தொட்டதும் அந்த இருக்கை உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. தொடப்பட்டது 17தான், 18 அல்ல என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது?

தொடுதல், தட்டச்சு செய்தல் போன்றவற்றை 'நிகழ்வு' என்பர். நிகழ்வு நேரும்போது இயங்கும் கட்டளைத் தொகுதி 'நிகழ்வுக் கையாளி' எனப்படும். இணையப் பக்கங்களில் இதனை எழுதப் பயன்படும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பவர் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றியபோது இதனை உருவாக்கினார்.

ஒரு சுழற்சி அமைத்து, ஒரு மாறியை 1 முதல் 40 வரை ஏற்றி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையாளியைப் பொருத்தலாம். ஆனால் அம்மாறியை 'வார்' என்னும் பழைய சொல்லால் அறிவித்திருந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் 41 என்றே விடை வரும்! காரணம் எளிது. எல்லாக் கையாளிகளும் ஒரே மாறியையே பார்க்கின்றன. நீங்கள் தொடுவதற்கு முன்பே சுழற்சி முடிந்து, மாறி 41இல் நின்றுவிட்டது. வகுப்பு முடிந்தபின் கரும்பலகையைப் பார்ப்பவருக்குக் கடைசியாக எழுதியதுதானே தெரியும்? 2015இல் மொழியில் சேர்ந்த 'லெட்' என்னும் சொல், சுற்றுக்கு ஒரு தனி மாறியைத் தந்து இக்குறையைப் போக்குகிறது.

இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. கட்டத்தின் மீதே ஒரு சீட்டை ஒட்டிவிடுவதுதான் அது. பக்கத்தை எழுதும்போதே, 'டேட்டா-' எனத் தொடங்கும் பண்பாக இருக்கை எண்ணைக் கட்டத்துடன் சேர்த்துவிடலாம். 2014இல் முழுமை பெற்ற எச்.டி.எம்.எல். 5 தரத்தில் இவ்வசதி இடம்பெற்றது.

இனி ஒரே கையாளி போதும். நீரடியில் தோன்றும் குமிழி மேலே எழுவதுபோல், தொடுதல் நிகழ்வும் கட்டத்திலிருந்து அதனைச் சூழ்ந்துள்ள பெட்டிக்கு ஏறி வருகிறது. பெட்டியின் கையாளியிடம் உலாவி நிகழ்வைப் பற்றிய விவரங்களைத் தருகிறது. அவற்றுள் 'டார்கெட்' என்பது தொடப்பட்ட கட்டத்தைச் சுட்டும். அக்கட்டத்தின் 'டேட்டாசெட்' சீட்டில் உள்ளதைப் படித்துக் காட்டும். 40 கையாளிகள் செய்த வேலையை ஒன்றே செய்துவிடுகிறது!

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சீட்டில் உள்ளது எண்போலத் தோன்றினாலும் அது எழுத்துச் சரமே. கட்டணம் 350 என்று சீட்டிலிருந்து எடுத்து, பதிவுக் கட்டணம் 20ஐக் கூட்டினால் 370 வராது, 35020 வரும். முதலில் அதனை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இதனினும் முக்கியம். பக்கம் இப்போது பயனாளரின் கணினியில் இருக்கிறது. உலாவியிலேயே உள்ள கருவிகளைக் கொண்டு 350ஐ 3 என்று யாரும் திருத்திவிட முடியும். அச்சீட்டை நம்பிப் பயணச்சீட்டு வழங்கினால் நட்டம் யாருக்கு? ஆகவே பக்கத்திலிருந்து இருக்கை எண்ணை மட்டும் பெற்று, அது சரியானதுதானா என்று சோதித்து, கட்டணத்தைத் தன் சொந்தப் பதிவேட்டிலிருந்தே சர்வர் கணினி எடுக்க வேண்டும். திரையில் இருந்து வருவது வேண்டுகோள் மட்டுமே, சான்று அன்று.

செய்து பாருங்கள்: '17' என்னும் எழுத்துச் சரத்துடன் 1ஐக் கூட்டுங்கள், பிறகு அதிலிருந்து 1ஐக் கழியுங்கள். ஒன்று 171, மற்றொன்று 16. ஏன் இந்த வேறுபாடு? சிந்தியுங்கள்.